சந்தனம் பூசிய காப்புப் பிரதி

மூலமும் பிரதியும் ஒரே கட்டடத்தில் வைக்கப்படலாகாது. ஆவணங்களைப் பாதுகாப்பதற்கான விதிகளில் இதைவிடச் சுருக்கமானது இல்லை. இதைவிட அதிகமாக மீறப்பட்டதும் இல்லை. கச்சேரியில், இப்போது மாவட்டச் செயலகம் என்கிறார்களே, அங்கே உத்தியோகம் பார்த்த காலம் முழுவதும் இதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். தீப்பிடித்தால், மண் சரிந்தால், கறையான் அரித்தால் என்று காரணங்களையும் அடுக்குவேன். சரஸ்வதி பூஜை வந்தால் என்று மட்டும் ஒருபோதும் சொன்னதில்லை. விதியை எழுதியவருக்கும் அது தோன்றியிருக்காது.

ஓய்வுபெற்ற பிறகு பதுளையில் எங்கள் வீட்டுக்கு மனு எழுதுவிக்க ஆட்கள் வருவார்கள். என்னைத் தேடி அல்ல. என் மனைவி அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்தவள். அவளுடைய பழைய மாணவர்களின் தாய்மார் அவளைத் தேடி வருவார்கள். நான் "டீச்சர் வீட்டு ஐயா". எந்தக் கடிதம் எந்த மேசைக்குப் போகும், அங்கே எத்தனை நாள் தூங்கும், எந்த வார்த்தையைப் போட்டால் விழிக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அது ஒரு கல்வி. வேறு எதற்கும் உதவாத கல்வி.

அந்த வருடம் வந்தவர்களில் ஒருவர் பூனாகலைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தெடுக்கும் அம்மா. அவருடைய மகள் வளைகுடா நாடொன்றில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். முதல் வீடு பரவாயில்லை. பிறகு யாரோ அவளை வேறொரு வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். கடவுச்சீட்டையும் தொலைபேசியையும் பிடுங்கிக்கொண்டார்கள். அங்கே வேலைக்கிருந்த இன்னொரு பெண்ணின் தொலைபேசியில், ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தாய்க்குக் குரல் செய்திகள் அனுப்பினாள். கடைசிச் செய்தியில், தான் இருக்கும் வீடு எங்கே இருக்கிறது என்று ஜன்னலில் தெரிந்ததை வைத்துச் சொல்லியிருந்தாள். அது ஆடி மாதம். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

தாயின் தொலைபேசி நிரம்பி, திறப்பதற்கே அடம் பிடித்தது. என் மனைவி அந்தச் செய்திகளையும் கடவுச்சீட்டின் படத்தையும் எங்கள் கணினிக்கு மாற்றிவிட்டு, புதிய செய்தி வருவதற்கு இடம் வேண்டும் என்று தொலைபேசியில் இருந்தவற்றை அழித்தாள். நியாயமான காரணம். புதிய செய்திதான் வரவில்லை. ஆகவே அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி எங்கள் வீட்டு மேசைக்கடியில் இருந்த பழைய பெட்டிக்குள் இருந்தது.

வெளிநாட்டில் வேலை செய்பவர்களின் முறைப்பாடுகளைக் கவனிக்கும் கொழும்புப் பிரிவோடு நான் தொலைபேசியில் பேசினேன். தூதரகத்தின் நலன்புரி உத்தியோகத்தர் அந்தப் பெண் இருக்கும் மாகாணத்துக்குப் போகப்போகிறார்; விஜயதசமிக்கு மறுநாள் மாலை அலுவலகம் மூடுவதற்குள் மனுவும் ஒலிப்பதிவுகளும் இணையத்தளம் வழியாக வந்து சேர்ந்தால் இந்தப் பயணத்தில் தேடுவார்; இல்லாவிட்டால் அடுத்த பயணத்தில். அடுத்த பயணம் எப்போது என்று கேட்டேன். அதைத் தன்னால் சொல்ல முடியாது என்றார் தொலைபேசியை எடுத்த கொழும்பு உத்தியோகத்தர். இந்த வாக்கியத்தை நானே பல நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். கேட்பது எப்படியிருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

இணையத்தளத்தைத் திறந்தால், உங்கள் உலாவி பழையது என்றது. புதிய உலாவியைப் போடப் போனால், உங்கள் இயங்குதளம் பழையது என்றது. புதிய இயங்குதளத்தைப் போடப் போனால், உங்கள் கணினியே பழையது என்றது. மனைவியின் தொலைபேசியில் திறந்தால், கணினியிலிருந்து வரவும் என்றது. கோப்பை அடுத்த மேசைக்குத் தள்ளும் கலையை இயந்திரங்களும் கற்றுக்கொண்டிருந்தன. டவுனில் கம்யூனிகேஷன் கடை இருக்கிறதே என்று கேட்கலாம். அந்தக் கடைக் கணினியின் திரையில் பதுளை ஜனங்களில் பாதிப் பேருடைய அடையாள அட்டைகள் சிதறிக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒளிந்து பேசிய ஒரு பெண்ணின் குரலை அங்கே கொண்டுபோய் வைக்க எனக்கு மனமில்லை.

மிஞ்சியிருந்த வழி, பழைய விண்டோஸை அப்படியே இருக்க விட்டு, அதன் பக்கத்திலேயே லினக்ஸை நிறுவுவது. இலவசம், பழைய கணினியிலும் ஓடும். எந்த இயங்குதளம் வேண்டும் என்று கணினியை முடுக்கும்போது தெரிவு செய்துகொள்ளலாம். நான் ஒரு வாரம் படித்தேன். படித்ததில் எல்லாரும் முதல் வரியில் சொன்னது ஒன்றுதான்: முதலில் காப்புப் பிரதி எடு.

எடுத்தோம். விதிப்படியே எடுத்தோம். நான் ஒரு பென் டிரைவில் பிரதி செய்தேன். பிரதி செய்தவரே சரிபார்க்கக் கூடாது என்பதால் என் மனைவி ஒவ்வொன்றாகத் திறந்து கடைசி வரை கேட்டாள். கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரியா இருக்குங்க" என்றாள். லினக்ஸை ஏற்றுவதற்கான கோப்பை இன்னொரு பென்னில் போட்டு என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அப்போது சரஸ்வதி பூஜை வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் அன்றைக்குப் புத்தகம், பேனை, தையல் இயந்திரம், தேங்காய் துருவி எல்லாம் பூஜைக்கு வைக்கப்படும். கணினியும் அதில் சேர்ந்து பல வருடங்களாகின்றன. திரையின் நெற்றியில் ஒரு பொட்டு, விசைப்பலகையில் ஒரு பொட்டு, சுண்டெலியின் முதுகில் ஒன்று. மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை ஒன்றையும் தொடக்கூடாது. இதற்கு விலக்களிக்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை. விஜயதசமி புதிய காரியம் தொடங்க உகந்த நாள் என்பதால் அன்றே நிறுவலாம் என்று முடிவாயிற்று. கெடுவுக்கு இன்னும் ஒரு நாள் மீதியிருக்குமே.

விஜயதசமியன்று பூனாகலை அம்மா பண்டாரவளை வந்து, பஸ் மாறி, மத்தியானம் வந்து சேர்ந்தார். மனுதாரரின் தொலைபேசிக்கு ஒரு இரகசிய இலக்கம் வரும், அதைப் போட்டால்தான் இணையத்தளம் மனுவை ஏற்கும் என்பதால் அவரை வரச் சொல்லியிருந்தேன். சோறு போட்டோம். பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்து, கணினியின் முன்னால் போய் நின்றார்.

"ஆரம்பிக்கலாம்" என்றேன்.

"ராகு காலங்க" என்றாள் மனைவி.

"கம்பியூட்டருக்கு ஏது ராகு காலம்?"

"கம்பியூட்டருக்கு இல்ல, அந்தப் புள்ளைக்கு."

பூனாகலை அம்மா என்னைப் பார்த்தார். "டீச்சர் சொல்றாங்கல்ல ஐயா. இத்தன மாசம் இருந்துட்டோம்."

இருந்தோம். ராகு காலம் முடியும்போது நமுனுகுல மலைப் பக்கம் வானம் கறுத்து, இடி உருண்டுகொண்டிருந்தது. ஐப்பசியை ஒட்டிய நாட்களில் எங்கள் ஊரில் காலையில் வெயில், பின்னேரம் இடிமழை. பாடசாலைப் பிள்ளைக்கும் தெரியும். மின்சாரம் போனால் சிறிது நேரம் தாங்கிப் பிடிக்கும் யூபிஎஸ் பெட்டி ஒன்று எங்களிடம் இருந்தது. அதன் பற்றறி எப்போதோ செத்துவிட்டது. அதன்மேல் மனைவி ஒரு பூச்சாடி வைத்திருந்தாள். இடி தூரத்தில் இருக்கிறது, வேலை முடிந்துவிடும் என்று நான் கணக்குப் போட்டேன்.

புதிய இயங்குதளத்துக்கு இடம் வேண்டுமானால், பழையது பிடித்துவைத்திருக்கும் இடத்தைச் சுருக்க வேண்டும். அதைத்தான் கணினி இப்போது செய்கிறது என்று பூனாகலை அம்மாவுக்கு விளக்கினேன்.

"தோட்டத்து லயத்துல ஒரே காம்பராவுல நடுவுல சீலையக் கட்டி ரெண்டு குடும்பம் இருக்குமே, அது மாதிரிங்களா?"

"அதேதான்."

"அப்ப சண்டை வருமேங்க."

மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். திரையில் நீலப் பட்டை பாதியைத் தாண்டியிருந்தது. இந்தக் கட்டத்தில் கணினியை நிறுத்தக்கூடாது என்று கீழே எழுதியிருந்தது. யாருக்கு எழுதினார்களோ. வீட்டின் பின்பக்கம் வானம் வெடித்த மாதிரி ஒரு இடி. மின்விசிறி, விளக்கு, திரை எல்லாம் ஒன்றாக அணைந்தன.

மழை தகரத்தில் இறங்கியது.

மின்சாரம் திரும்பியதும் கணினியை முடுக்கினேன். கறுப்புத் திரை. அதில் ஒரே ஒரு வெள்ளை வரி: இயங்குதளம் எதுவும் காணப்படவில்லை. மீண்டும் முடுக்கினேன். அதே வரி. இரண்டு குடும்பத்துக்கு இடம் பிரிக்கப் போய், முதல் குடும்பத்தையும் காணவில்லை.

"கறுப்பா இருக்குங்களே ஐயா?"

"கொஞ்சம் பொறுங்க."

"என் மகளோட பேச்சு அதுக்குள்ளதானங்க இருக்கு?"

"காப்புப் பிரதி இருக்கும்மா" என்றேன். அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது எனக்கு ஒரு பெருமையே இருந்தது. "எங்கே அந்தப் பென்?" என்று மனைவியிடம் கேட்டேன்.

அவள் சாமியறைக்குப் போய்த் தாம்பாளத்தில் எடுத்து வந்தாள். பூவுக்கும் அட்சதைக்கும் நடுவில் இருந்தது. கணினியைப் பூஜிக்கும்போது அதன் பிரதியை மட்டும் விடுவது முறையில்லை என்று நினைத்திருக்கிறாள். மூடியைக் கழற்றி, உலோக வாயில் நல்ல கெட்டிச் சந்தனம், அதன்மேல் குங்குமம். சந்தனம் காய்ந்து உள்ளே இறங்கி, பொன்னிறத் தகடுகளை மூடியிருந்தது.

"வாயில ஏன் வச்ச?"

"எல்லாத்துக்கும் முகத்துலதாங்க வச்சேன். இதுக்கு எது முகம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இதற்குப் பதில் சொல்ல எந்தச் சுற்றறிக்கையும் இல்லை.

பூனாகலை அம்மா கதிரையின் விளிம்பில் உட்கார்ந்தார். அவருக்கு யாரும் எதையும் விளக்கத் தேவையிருக்கவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்தார், போதும். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மனைவி காயத்துக்குப் போடும் ஸ்பிரிட்டைக் கொண்டுவந்தாள். விளக்குமாற்று ஈர்க்கின் நுனியில் பஞ்சைச் சுற்றி, தகடுகளைக் கீறாமல் துடைத்தோம். பஞ்சு மஞ்சளாகி, சிவப்பாகி, மெல்ல வெள்ளையானது. கணினியிலிருந்த இயங்குதளம் போய்விட்டதால், பென்னைப் பார்ப்பதற்கே ஏதாவது ஒன்று ஓட வேண்டும். என் சட்டைப்பையில் இருந்த லினக்ஸ் பென்னைச் செருகினேன். இம்முறை திரையில் இருந்த முதல் தெரிவைத் தொட்டேன்: நிறுவாமல் முயன்று பார். கணினியின் வன்வட்டைத் தொடாமல், பென்னிலிருந்தபடியே முழு இயங்குதளமும் எழுந்து நின்றது.

"ஒண்ணு வேலை செய்யுதுங்களே" என்றார் பூனாகலை அம்மா.

"அது பூஜைக்கு வைக்காத பென்" என்றேன்.

மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

துடைத்த பென்னைச் செருகியதும் அதன் சின்ன விளக்கு ஒரு தரம் மினுங்கி அணைந்தது. கழற்றிச் செருகினேன். மினுங்கி அணைந்தது. மேல்நோக்கிச் சற்று அழுத்தியபோது விளக்கு நின்று எரிந்து, கோப்புகளின் பெயர்கள் திரையில் வந்தன. கையை எடுத்தேன், பெயர்கள் மறைந்தன. ஒட்டுநாடா போட்டுப் பார்த்தேன். பிடிக்கவில்லை.

இடியில் வீட்டு இணைய இணைப்பும் போயிருந்தது. மனைவியின் தொலைபேசியிலிருந்து இணைப்பு எடுக்கலாம். ஆனால் மழை நாளில் எங்கள் வீட்டில் ஜன்னலோரம் மட்டும்தான் இணையத்துக்குப் போதிய சிக்னல். அவள் அங்கே போய்த் தொலைபேசியை உயர்த்திப் பிடித்தாள். எனக்குத் தட்டச்சுக்கு இரண்டு கையும் வேண்டும். பூனாகலை அம்மா எழுந்து வந்து பென்னில் விரலை வைத்தார்.

"இப்படிங்களா?"

"இன்னும் கொஞ்சம் மேல. அப்படியே. அசையாதீங்க."

கடவுச்சீட்டின் படத்தைப் பிரதி செய்தேன். குரல் செய்திகளையும் ஒவ்வொன்றாக எடுத்தேன். கடைசிச் செய்தி பாதியில் கொஞ்சம் தயங்கி, பிறகு முடிந்தது என்று திரை சொன்னது. திரை சொல்வதை அப்படியே நம்பி இன்னொரு தரம் ஏமாற நான் தயாராக இல்லை. அதை ஓட விட்டேன்.

அறையில் அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. மெதுவாக, மூச்சுக்கு நடுவில் பேசினாள். "அம்மா, நான் இப்ப வேற வீட்டுல இருக்கேன். இது பழைய டவுன் இல்ல. பஸ்ல வர்ற மாதிரி தூரம். இங்க மேல் மாடியில இருந்து பாத்தா..." அத்தோடு நின்றது.

நான் அடுத்த வேலைக்குத் திரும்பினேன். யாரோ வந்துவிட்டதால் அவள் அங்கேயே நிறுத்தியிருப்பாள் என்று நினைத்தேன்; கடைசி வரை கேட்டவள் மனைவிதான், நான் அல்ல.

"இல்லங்க ஐயா. இன்னும் இருக்கு."

"முடிஞ்சதுன்னு காட்டுதேம்மா."

"முடியலைங்க. தண்ணித் தாங்கி வரல. பெட்ரோல் செட்டு வரல. கடைசியா அழாதன்னு சொல்லுவா, அதுவும் வரல." அவர் திரையைப் பார்க்கவில்லை, பென்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ராத்திரி ராத்திரியா கேட்டிருக்கேங்க."

ஜன்னலிலிருந்து மனைவி, "ஆமாங்க, தண்ணித் தாங்கி இருக்கு. நானே கேட்டேன்" என்றாள்.

வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டிய பகுதி மட்டும் வரவில்லை; தாய் மனப்பாடமாகச் சொன்னாலும் கொழும்பு அந்தப் பெண்ணின் குரலைத்தான் கேட்கும். பிரதியை அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். விளக்கு மினுங்கியது. பட்டை நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. வெளியே இன்னொரு இடி; மின்விளக்கு ஒரு கணம் மங்கித் திரும்பியது. இந்த இயங்குதளம் கணினியின் தற்காலிக நினைவில் மட்டும் ஓடுகிறது. மின்சாரம் போனால் இதுவரை எடுத்தது முழுவதும் போய்விடும் என்பதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன செய்வது? பூனாகலை அம்மாவின் விரல் நுனி வெளுத்திருந்தது. பட்டை முடிந்தது.

மறுபடி ஓட விட்டேன். "...இங்க மேல் மாடியில இருந்து பாத்தா பெட்ரோல் செட்டு ஒண்ணு தெரியுது. அதுக்குப் பின்னால நீலக் கலர் தண்ணித் தாங்கி, பெருசு. பள்ளிவாசல் சத்தம் இடது பக்கமா கேக்குது. வீட்டு கேட்டு பச்சை. யார்கிட்டயாவது சொல்லும்மா. அழாத."

"இப்ப சரிங்க" என்றார் பூனாகலை அம்மா.

மூலத்துடன் ஒப்பிடப்பட்டது. என் உத்தியோக காலத்தில் இந்த வாசகத்தின் கீழே கணக்கில்லாமல் கையொப்பம் வைத்திருக்கிறேன். ஒன்றாவது இப்படி ஒப்பிடப்பட்டிருக்குமா என்பது சந்தேகம்.

இணையத்தளம் இந்த உலாவியை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டது. மனுவை முன்னமே கையால் எழுதி வைத்திருந்தேன். பார்த்துத் தட்டச்சு செய்தேன். பென்னிலிருந்து எடுத்தவற்றை ஏற்றினேன். இரகசிய இலக்கம் அனுப்பியிருக்கிறோம், உடனே இடவும் என்றது.

"உங்க போன் எங்கம்மா?"

"பையிலங்க."

"எடுங்க, எடுங்க."

"விரல எடுக்கலாங்களா?"

இனி அந்தப் பென் தேவையில்லை என்று சொல்ல எனக்கு ஒரு கணம் பிடித்தது. அதற்குள் அவர் வலது விரலை எடுக்காமலே இடது கையால் பையைத் துழாவித் தொலைபேசியை எடுத்துவிட்டார். இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். மனைவி ஜன்னலில் இருந்து, "மெதுவா சொல்லுங்க, அவருக்கு ரெண்டு விரல்லதான் அடிக்க வரும்" என்றாள். ஏற்றப்படுகிறது என்று ஒரு வட்டம் சுற்றியது. நெடுநேரம் சுற்றியது. பிறகு மனு கிடைத்ததாகவும் அதன் குறிப்பு எண் இதுவென்றும் தாயின் தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது.

அதன்பிறகு அன்று மின்சாரம் போகவே இல்லை.

மனைவி தேநீர் போட்டாள். கொடுக்கும்போது கேட்டாள்: "ஏங்க, இந்தப் பென்ன செருகி இப்படியே வேலை செய்யலாம்னா, அந்தப் பெட்டிக்குள்ள எதையும் சுருக்கவே வேண்டாமே? போன கிழமையே அனுப்பியிருக்கலாமே?"

"அனுப்பியிருக்கலாம்."

"நான் பொட்டு வச்சதுதான் தப்புன்னு நெனச்சேன்."

தேநீர் நல்ல சூடாக இருந்தது. நான் அதில் கவனம் செலுத்தினேன்.

அன்று மாலையே கோப்புகளை மூன்று புதிய பென்களில் போட்டோம். ஒன்று எங்கள் வீட்டில். ஒன்று மனைவியின் தங்கை வீட்டில், அப்புத்தளையில். ஒன்றைப் பூனாகலை அம்மா கைக்குட்டையில் முடிந்துகொண்டார். விதி கடைசியில் நிறைவேறியது.

"டீச்சர், இதுக்குப் பொட்டு வைக்கலாங்களா?"

"வைங்க. வாயில வேணாம், வால்ல வைங்க."

கணினியை நான் பிறகு ஆறுதலாக, பல நாள் எடுத்துத் திருத்தினேன். இப்போது அதில் இரண்டு இயங்குதளங்களும் இருக்கின்றன, சண்டையில்லாமல். என்னுடைய பழைய மனுக்களில் பாதி போய்விட்டன. அவற்றுக்குப் பதில் வந்ததில்லை, ஆகவே நட்டம் சிறிது. யூபிஎஸ்ஸுக்குப் புதிய பற்றறி போட்டேன். பூச்சாடி வேறு இடத்துக்குப் போயிற்று.

கொழும்புக்கு நினைவூட்டல்கள் அனுப்பினேன். முதலாவது பணிவாக. இரண்டாவது, முதலாவதைக் குறிப்பிட்டு. மூன்றாவதன் பிரதியை மேலதிகாரிக்கும் அனுப்பினேன். அது தூங்கும் மேசையை எழுப்பும் என்பது என் அனுபவம். தீபாவளி போயிற்று. கார்த்திகை விளக்கீடு போயிற்று. பூனாகலை அம்மா ஞாயிறுகளில் மனைவிக்குத் தொலைபேசி எடுப்பார். "ஒண்ணும் வரலைங்களா டீச்சர்?" "இன்னும் இல்லங்க." அதற்குமேல் இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசுவார்கள்.

பதில் மின்னஞ்சலில், மூன்று வரிக் கடிதமாக வந்தது. ஒலிப்பதிவில் கூறப்பட்ட அடையாளங்களின்படி குறித்த வீடு இனங்காணப்பட்டது. குறித்த பணிப்பெண் தற்போது தூதரகத்தின் பாதுகாப்பு இல்லத்தில் உள்ளார். அவரை நாட்டுக்கு அனுப்புவதற்கான பயண ஆவணங்கள் தயாராகி வருகின்றன. "குறித்த" என்ற சொல்லை இவ்வளவு கிட்டக்கிட்டப் போடக்கூடாது என்று நான் கீழ் உத்தியோகத்தர்களுக்குப் படிப்பித்ததுண்டு. அன்றைக்கு அது கண்ணில் உறுத்தவில்லை. மனைவி என் தோளுக்கு மேலால் வாசித்துவிட்டுப் பூனாகலைக்குத் தொலைபேசியை அழுத்தினாள். காலைப் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு எல்லாரும் கொழுந்து மலையில் இருக்கும் நேரம். அந்தப் பக்கத்தில் மணி அடித்துக்கொண்டேயிருந்தது. பிறகு பூனாகலை அம்மா எடுத்தார். "புள்ள கெடைச்சிட்டாங்க" என்று இவள் சொன்னது எனக்குக் கேட்டது. பிறகு தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டு, அந்த மூன்று வரியையும் மெதுவாக வாசித்துக் காட்டினாள்.

கடிதத்தில் போட்டிருந்த திகதி மிகவும் முந்தியது; எழுதியவர் மேலதிகாரியின் கையொப்பத்துக்காகக் காத்திருந்திருப்பார். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. உள்வரும் கடிதத்துக்கு வந்து சேர்ந்த திகதியைத்தான் இட வேண்டும் என்பது விதி. அச்சுப்பிரதியின் மேல்மூலையில் என் கையால் இட்டேன்: மார்கழி கடைசி நாள், பொங்கலுக்கு முந்தைய தினம்.